ஷட்டவுன் அன்று ஓடிய தறிகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் விசைத்தறி உரிமையாளர் சங்கத் தலைவரும் என் கணவருமான திரு. செங்கோடன் அவர்களே, எங்கள் பள்ளித் தாளாளர் அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, குமாரபாளையத்துத் தறிக்காரப் பெருமக்களே, கடைசி வரிசையில் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தீபக் அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சாரதாமணியாகிய நான் தமிழாசிரியை. ஆங்கில ஆசிரியர் ஹியூ அவர்கள் வேல்ஸ் நாட்டிலிருந்து நம் பள்ளிக்கு வந்த நாள் முதல் ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர். இன்று அந்த நாற்காலியில் ஒரு மாலை கிடக்கிறது.

அவர் சாதுவான மனிதர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். இல்லை ஐயா, அவர் கோபக்காரர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனின் முதுகு தடிக்கத் தடிக்க விளாசிய வாத்தியாரின் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து முறித்துப் போட்டவர். ஆற்றங்கரையில் வாலிபால் ஆடும்போது பந்து பட்டு மூக்கு உடைந்து, பனியன் முழுக்க ரத்தமாக, அந்த ஆட்டத்தை முடிக்காமல் வெளியேற மாட்டேன் என்று அடம்பிடித்தவர். அவரை நான் நேசித்ததற்கு அந்தக் கோபமே காரணம்.

அவருடைய பொழுதுபோக்கு என்ன? மாலையில் பேக்கரி பெஞ்சில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன். ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகக் கட்டத் தெரியாத லுங்கியோடு காவிரிக் குளியல். பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தறிகளை ஓட்டுகிற பிள்ளைகளோடு வாலிபால். ஆட்டம் முடிந்ததும் அந்த வலைக்கடியிலேயே அவர்களுக்கு ஆங்கில வகுப்பு. நாம் "இந்திக்காரப் பசங்க" என்று மொத்தமாகக் கூப்பிடுகிறவர்களை அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நம் தெருவில்தான் அவர் மாடியில் குடியிருந்தார். ஒரு நாள் பக்கத்து லைன் வீட்டில் ஒருவன் மனைவியை பெல்ட்டால் அடித்துக்கொண்டிருந்தான். ஹியூ சார் கதவை உதைத்துத் திறந்து உள்ளே போனார். அவன் உடைந்த பாட்டிலால் அவர் தோளைக் கிழித்தான். தையல் போட்டுக்கொண்டு வந்து, ஏன் ஒருவரும் வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டார். நாம் என்ன சொன்னோம்?

"தறிச் சத்தத்துல ஒண்ணுங் கேக்குலீங்க சார்."

மறுநாள் என்னிடம் வந்து, "எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது டீச்சர்?" என்றார். 

அன்பானவர்களே, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று யாரோ அனுப்பிய வீடியோ எல்லோர் செல்போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. ஹியூ சாரோடு வாலிபால் ஆடும் தறிக்காரப் பிள்ளைகளில் ஒருவனான தீபக், ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது தெருவில் அழுதுகொண்டு நின்ற ஒரு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தான். அவன் செய்தது அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவன் என்று கூட்டம் கூடி, இரும்புக் குழாயால் அடித்தார்கள். கட்டையால் அடித்தார்கள். கீழே விழுந்தவனின் கையை மிதித்தே உடைத்தார்கள்.

ஹியூ சார் மாடியிலிருந்து ஓடி வந்தார். கூட்டத்தைப் பிளந்து அவனைத் தூக்கிக்கொண்டு, தெருவிலேயே பெரிய கதவு எதுவோ அந்தக் கதவுக்கு ஓடினார். அது என் வீட்டுக் கதவு. "கதவத் தொறங்க, கதவத் தொறங்க" என்று இரண்டு கையாலும் அறைந்தார். கதவு திறக்கவில்லை. அவனைக் கதவோரம் படுக்கவைத்து, அவன்மேல் கவிழ்ந்து, விழுந்த அடியெல்லாம் தன் முதுகில் வாங்கினார். கடைசி அடி தலையில் விழுந்தது. சேலத்துக்குக் கொண்டுபோகிற வழியில், சங்ககிரி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

நான் எடப்பாடியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் வீட்டு வாசலில் போலீஸ் நின்றது. கதவில் ரத்தக் கை பதிந்திருந்தது. என் கணவர் சொன்னார்: "தறி ஓடிட்டிருந்துச்சு சாரதா. ஒண்ணுங் கேக்குல." பழகிப்போன பேச்சு. அழுகையில் அது என் காதைக் கடந்து போய்விட்டது. மறுநாள் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது.

நேற்று இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "டீச்சர், உங்க தெருவுல எல்லாருமே தறிச் சத்தத்துல கேக்கலைன்னு சொல்லியிருக்காங்க. உங்க ஊட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு. அன்னிக்கு ஷட்டவுன் இல்லீங்களா?"

ஆம். மாதத்துக்கு ஒரு நாள், பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாள். காலையிலிருந்து ஊருக்கே கரண்ட் இல்லை. அதனால்தான் தீபக் ஆற்றுக்குப் போனான். அதனால்தான் ஹியூ சாருக்கு மாடியில் அத்தனை தெளிவாகக் கேட்டது. தறியே ஓடாத நாளில் தறிச் சத்தம் என்று ஒரு தெருவே வாக்குமூலம் கொடுத்திருக்கிறது. எத்தனை வருடப் பழக்கம் இருந்தால் இப்படி யோசிக்காமல் வாயில் வரும்? எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நேராக வீட்டுக்குப் போய், அந்தப் புதுப் பெயிண்டின் முன்னால் நின்றேன்.

தீபக்குக்கு அடித்தவர்களின் முகம் தெரியும், பெயர் தெரியாது. பெயர் நமக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடித்தவர்களில் சிலர் இந்தப் பந்தலிலேயே உட்கார்ந்து, அவர் படத்துக்குப் பூப்போட்டுவிட்டு, எனக்கு எதிரில் தலை குனிந்திருக்கிறார்கள்.

ஹியூ சார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். ஞாயிறு வகுப்பை நான் நடத்துவேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் நம் தெருவில் அவர் செய்த முதல் வேலை, அந்த லைன் வீட்டின் அடைத்த கதவைத் திறந்தது. நாளைக் காலையில் நான் ஸ்டேஷனுக்குப் போய், அந்தப் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லப் போகிறேன். பெயர் தெரிந்தவர்கள் என்னோடு வாருங்கள். ஒருவரும் வராவிட்டாலும் நான் போவேன்.

தலைவர் அவர்களே, கதவுக்கு உள்ளே நின்றவர் நீங்கள். ஹியூ சாருக்கு மரியாதையாக இன்று எல்லாத் தறியையும் நிறுத்தச் சொன்னவரும் நீங்கள்தான். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

ஏனுங்க, நான் பேசறது கேக்குதுங்களா?