கடைசியா வர்றவங்க டப்பா

...அதான் சொல்றேன், குடுமா அந்தப் பையை இப்படி. முறுக்கு டப்பாவ முதுகுல மாட்டிக்கிட்டு இந்தப் பாறையில ஏறணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? மூஞ்சியப் பாரு, தக்காளியாட்டம் செவந்து கெடக்கு. உக்காரு. இங்க கொஞ்சம் நிழல் இருக்கு. அவங்கெல்லாம் போகட்டும். மேல போயி என்ன கிழிக்கப் போறாங்க? நாம வர்ற வரைக்கும் வயலையும் கோழிப் பண்ணையையும் பாத்துட்டு, வியூ சூப்பர் வியூ சூப்பர்னு ஒருத்தர ஒருத்தர் போட்டோ எடுத்துட்டு நிப்பாங்க. போங்கிர் கோட்டை எங்கயும் ஓடிப் போயிடாது.

என்ன கேட்ட? நான் முன்னாடி போனேனே, எதுக்குத் திரும்பி எறங்கி வந்தேன்னா? முட்டி வலிமா. ஏறும்போது வலிக்குது. எறங்கும்போதா... எறங்கும்போது அவ்வளவா இல்ல. அத விடு.

நான் கேக்கறேன், இது நியாயமா? பஸ்ஸ விட்டு எறங்கினதும் அத்தன பேர் முன்னாலயும் நஸ்ரின் என் கையில இருந்து டப்பாவ வாங்கறா. இனிமே ரோஸ்லின் அக்கா முன்னாடி நடக்கட்டும், டப்பாவ சாஹித்யா எடுத்துக்கட்டும்ங்கறா. எல்லாரும் கை தட்டறாங்க. ஏதோ ரிட்டயர்மெண்ட் பங்ஷன் மாதிரி. மாலையும் பொன்னாடையும்தான் பாக்கி. நீயும் தட்டின, நான் பாத்தேன். பரவால்ல, உனக்கு என்ன தெரியும்? நீ எங்க பில்டிங்குக்கு வந்தே ஒரு மாசம்தான் ஆச்சு.

உங்கிட்ட யாரும் சொல்லலல்ல? இந்தக் கும்பல்ல ஒரு வழக்கம் இருக்கு. யாரு கடைசியா வருவாங்களோ, தீனி டப்பா அவங்க கையிலதான். உச்சிக்குப் போயித்தான் தொறக்கணும். ஏன்னு கேளு. வேகமா நடக்கறவன் கையில டப்பா இருந்தா, அவன் பாட்டுக்கு மேல போயி தின்னுட்டு, கையத் தட்டிட்டு எறங்கிடுவான். கடைசி ஆள் கையில இருந்தா? பசிக்கும்ல. காத்துட்டுதான் நிக்கணும்.

ஹவ், அதேதான். நீதான் மெதுவா வருவன்னு உன் கையில குடுத்திருக்காங்க. கோச்சுக்காத. இருபத்தெட்டு வயசு, அவ்வளவு விலைக்கு ஷூ, பாதி வழியில நாக்கு தள்ளுது. நாள் பூரா லேப்டாப் முன்னாடி உக்காந்தா வேற என்ன ஆகும்? இந்தா, டப்பாவத் தொற, ஒரு முறுக்கு எடுத்துக்கோ. மேல போயித்தான்னு சொன்னேன்தான். டப்பா யாரோடது? என்னோடது. முறுக்கு யாரு சுட்டது? நான் சுட்டது. எடுத்துக்கோ, யாருக்குத் தெரியப் போகுது?

மொதல்ல இந்த வழக்கம் கெடையாது. என்னாலதான் வந்தது. நான் மொதமொதல்ல இவங்களோட அனந்தகிரி போனேன். பாதி மலையில நான் மூச்சு வாங்கிட்டு ஏறிட்டிருக்கேன், இவங்க எதிர்ல எறங்கி வர்றாங்க. எல்லாம் முடிஞ்சுது. பாத்தாச்சு, தின்னாச்சு, போட்டோ எடுத்தாச்சு. நஸ்ரின் கையில ஒரு டிஷ்யூ பேப்பர், அதுக்குள்ள பாதி சமோசா. ஆறிப்போன சமோசா. உங்களுக்காக எடுத்து வெச்சேன் அக்கான்னு நீட்டறா. நான் நக்கோ, வேண்டாம்னுட்டேன். வீட்டுக்கு வந்து குளிக்கற ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன். சமோசாவுக்காக இல்லமா. சமோசாவ போலாரம் பஸ் ஸ்டாப்புல எந்த நேரத்துலயும் வாங்கலாம்.

மறு வாரம் அவளே கதவத் தட்டினா. நல்ல பொண்ணு, பேங்க்ல ஆபீசர், ஆம்பூர்க்காரி, மூளை இருக்கு. இனிமே டப்பா உங்க கையிலதான் அக்கா, பாருங்க யாரு உங்கள விட்டுட்டுப் போறாங்கன்னு. அன்னைக்கு ஆரம்பிச்சது.

அந்த சுகம் உனக்குச் சொன்னாப் புரியாது. நான் வளைவு திரும்பி தல நிமிந்தா, மேல பாறையில அத்தன பேரும் வரிசையா நின்னு என்னையே பாத்துட்டிருப்பாங்க. அதோ வந்துட்டாங்கன்னு ஒரு குரல் வரும். ஒருத்தன் கை குடுப்பான், ஒருத்தி தண்ணி குடுப்பா. என் கல்யாணத்துல கூட என்னை அப்படி யாரும் பாக்கல. அன்னைக்கு எல்லாரும் பிரியாணி வர்ற வாசலைத்தான் பாத்தாங்க.

வீட்டுல யாரு நமக்காக நிக்கறா? எங்க வீட்டுக்காரருக்கு பட்டான்செருல மருந்து கம்பெனி, ஷிப்ட் வேலை. நான் ஸ்கூல் ஆபீஸ் முடிஞ்சு வரும்போது அவர் சாப்ட்டு, தட்டையும் கழுவிக் கவுத்து வெச்சிருப்பார். எல்லாரும் என்ன சொல்லுவாங்க? ரோஸ்லின், நீ குடுத்து வெச்சவ, தட்டு கழுவற புருஷன். ஒரு நாளாவது, வா, சேந்து சாப்பிடலாம்னு பசியோட உக்காந்திருக்கலாம்ல? அந்தத் தட்ட நான் கழுவிக்க மாட்டேனா?

இந்தா, இந்த இனிப்புக் கல்கல்லும் எடுத்துக்கோ. கிறிஸ்மஸுக்கு சுட்டது தீந்துபோயி இதுக்காகத் திரும்ப சுட்டேன். எனக்கும் ரெண்டு குடு. பேசினா எனக்குப் பசிக்கும்.

எல்லாம் கெட்டது அந்த ஆனந்தகுமாராலதான். கைக்கடிகாரம் கட்டிருக்கானே, அவன்தான். அந்தக் கடிகாரம்தான் அவனுக்கு அம்மா. மூச்சு விடுன்னா விடுவான், எந்திரிச்சு நில்லுன்னா நிப்பான். போன வருஷம் ஒரு நாள் நான் வளைவுக்கு இந்தப் பக்கம் வந்துட்டேன், அவனுக்குத் தெரியல. மேல இருந்து சொல்றான், "டப்பா இன்னும் வரலியா?"

ரோஸ்லின் அக்கா வரலியான்னு கேக்கல. டப்பா வரலியாம்.

சரிடா, உனக்கு முன்னாடி வந்து காட்டறேன் பாருன்னு அன்னைக்குத்தான் வைராக்கியம் வந்தது. மறுநாளே நம்ம பில்டிங் கீழ சுதர்சன், இன்னைக்கும் நம்மளோட வந்திருக்கானே, நடத்தறான்ல அந்த ஜிம், அங்க போயி நின்னேன். அவன் என்னைச் சுத்தி வந்து பாக்கறான், பழைய பீரோவ வாங்க வந்தவன் மாதிரி. மொதல்ல உக்காந்து எந்திரிங்க ஆன்ட்டிங்கறான். உக்காந்து எந்திரிக்கக் கத்துக்குடுக்க ஒரு ட்ரெய்னர். நாங்க பொறந்ததுல இருந்து பாத்ரூம்ல அதத்தானே பண்ணிட்டிருந்தோம்? இப்ப எல்லா வீட்டுலயும் நாற்காலி மாதிரி ஒண்ண வெச்சுட்டு, கீழ எறங்கி வந்து காச குடுத்து உக்காந்து எந்திரிக்கறோம்.

அப்புறம் சாப்பாட்டுல கைய வெச்சான். ஆன்ட்டி, நொறுக்குத் தீனின்னா வேகவெச்ச கொண்டக்கடலைதான். அத ஒரு பொட்டலம் கட்டி மலைக்கும் கொண்டு போகணுமாம். ஏம்பா, உச்சியில உக்காந்து வெறும் கடலைய மெல்லறதுக்கு எதுக்கு மலை ஏறணும், அந்த சோகத்த வீட்டுலயே பட்டுக்கலாமேன்னேன். உனக்கும் அதே கடலைதானா? மூணு வாரமாவா? அடப்பாவி. எடுத்துக்கோமா, நல்லா எடுத்துக்கோ. என்னைக் கேக்கவே வேண்டாம்.

ஆனா ஒண்ணு, அவன் சொன்னத செஞ்சேன். கடலையத் தவிர எல்லாத்தையும் செஞ்சேன். தொடை கல்லாயிடுச்சு. மாடிப்படி ஏறினா மூச்சே வாங்கல. ஒரு நாள் கீழ வெச்ச கேஸ் சிலிண்டர நானே தூக்கிட்டு மேல வந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் பாத்தார். என்ன பண்ணியிருக்கணும்? ஐயையோ, நீ எதுக்குத் தூக்கறன்னு ஓடி வந்திருக்கணும். அவர் கதவத் தொறந்து விட்டார். அன்னையில இருந்து அந்த வீட்டுல சிலிண்டர் என் வேலை. அரிசி மூட்டை என் வேலை. பரண்ல இருந்து பெட்டிய எறக்கறது என் வேலை. கேட்டா, நீதான் ஜிம்முக்குப் போறியேங்கறார். மல்லாபூர்ல இருந்து நாத்தனார் போன் பண்றா, வீடு மாத்தறோம் அண்ணி, ஞாயித்துக்கெழம வர்றீங்களான்னு. முன்னாடியெல்லாம் என்னை சாப்பிடத்தான் கூப்பிடுவா.

பலம்னா என்னன்னு இப்பதான் புரியுது. பலம் வந்தா உன் கைய யாரும் புடிக்க மாட்டாங்க. இவளுக்கு வேண்டாம், இவ சமாளிப்பான்னு போயிட்டே இருப்பாங்க.

சரி, அதோட நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம். கம்பியத் தூக்கினேன், எறக்கினேன், வீட்டுக்கு வந்தேன்னு இருந்திருக்கலாம். மலையில முன்ன மாதிரியே மெதுவாத்தான் நடந்தேன், தெரியுமா? ஹவ், வேணும்னேதான். வேகமா வர முடியும், வரல. வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லு மேல உக்காந்து, செத்த நேரம் கழிச்சு மூச்சு வாங்கற மாதிரி வருவேன். அவங்க பாவம்னு தண்ணி குடுப்பாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனா என் புத்தி சும்மா இருக்கல. சுதர்சன் போன வாரம் நான் கம்பி தூக்கறத வீடியோ எடுத்தான். ரெண்டு பக்கமும் வண்டிச் சக்கரமாட்டம் தட்டு, நடுவுல நான், மூஞ்சியில ஒரு கோபம். பாத்தா எனக்கே பயமா இருந்தது. நல்லாவும் இருந்தது. குரூப்புல போட்டது அவன் இல்லமா. நான். நானேதான் போட்டேன், கீழ ஆனந்தகுமார் பேரையும் சேத்துப் போட்டேன், அவன் பாக்கணும்னு. பாத்தான். எல்லாரும் பாத்தாங்க. கட்டைவிரல் காட்டினாங்க, நெருப்பு போட்டாங்க, சிங்கம் போட்டாங்க. அதப் பாத்துட்டுதான் இன்னைக்கு நஸ்ரின் டப்பாவ வாங்கினா. அவ மேல என்ன தப்பு? அவ்வளவு பெரிய கம்பி தூக்கறவளுக்கு எதுக்குக் காத்திருக்கணும்னு நெனச்சிருப்பா.

முட்டி வலியா? இல்லமா. முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

நான் மேல போயிட்டேன். நீ பாத்தியோ இல்லியோ, ஆனந்தகுமாரையும் தாண்டிப் போயிட்டேன், அவன் கடிகாரம் அலறுது. அந்தக் கடைசி சரிவுல கம்பியப் புடிக்காமலே ஏறினேன். உச்சிக்குப் போயி நின்னா, ஒருத்தரும் இல்ல. காத்துதான் அடிக்குது. அந்த இடிஞ்ச செவரு, ரெண்டு ஆடு. ஆடு கூடத் திரும்பிப் பாக்கல. மொதல்ல போனா மேல யாரும் இருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு, இத்தன வயசுக்கு. அஞ்சு நிமிஷம் நின்னேன். அப்புறம் எறங்கிட்டேன். வழியில ஒவ்வொருத்தரா கேட்டாங்க, என்ன அக்கா, என்ன அக்கான்னு. முட்டின்னு சொன்னேன்.

அதனால நான் என்ன சொல்ல வர்றேன்னா, நீ சின்னப் பொண்ணு, உனக்கு எதுக்கு இந்தப் பாரம்? டப்பாவ எங்கிட்ட குடுத்துட்டு நீ கைய வீசிட்டு மேல போ. ஆன்ட்டிக்கு முட்டி வலி, அவங்ககிட்டதான் டப்பா இருக்குன்னு சொல்லிடு. உனக்கும் பெருமை, எனக்கும்... எனக்கும் சரிதான். யோசிக்காத. அடுத்த தடவ உனக்குன்னு தனியா சுட்டுத் தர்றேன்.

குடுக்கறியா? தங்கம். பையோட குடு, மூடிய சரியா அழுத்து. பாத்துப் போ, அந்த எடத்துல வழுக்கும். அடேயப்பா, என்ன வேகமா ஏறுது. நாக்கு தள்ளிட்டிருந்தது இந்தப் பொண்ணுக்குத்தானா?

என்ன இது, லேசா இருக்கு.

சாஹித்யா. ஏய், சாஹித்யா, நில்லு.

கர்த்தாவே. அடியில பொடியும் ரெண்டு ஒடஞ்ச கல்கல்லும்தான் கெடக்கு. இவ்வளவு நேரம் எவ்வளவு அமைதியா கேக்குதுன்னு நெனச்சேனே. வாய் நெறைய முறுக்கு, எங்கேருந்து பதில் வரும்? ஒண்ணு எடுத்துக்கோன்னு சொன்னேன். சரி, கல்கல்லும் எடுத்துக்கோன்னும் சொன்னேன். என்னைக் கேக்கவே வேண்டாம்னு சொன்னதும் நான்தான். அது கேக்கல.

வளைவுல திரும்பிருச்சு. மேல நஸ்ரின்கிட்ட சொல்லுதோ? டப்பாவப் பத்தி சொல்லாது. எப்படிச் சொல்லும், தின்னது அதுதானே.

அதோ, எல்லாரும் வரிசைக்கு வந்துட்டாங்க. நஸ்ரின், சுதர்சன், அந்தக் கடிகாரக்காரன். ரோஸ்லின் அக்கான்னு கூப்புடறாங்க, கேக்குது. கை காட்டறாங்க. எனக்கா, டப்பாவுக்கா?

டப்பா காலின்னு இங்கேருந்தே ஒரு சத்தம் குடுத்தாப் போதும். யாரு நிக்கறாங்க, யாரு அந்தப் பக்கமா எறங்கறாங்கன்னு இப்பவே தெரிஞ்சுடும்.

...

வர்றேன், வர்றேன். நில்லுங்க எல்லாரும். முட்டி வலி, மெதுவாத்தான் வருவேன்.