உள்ளே இருந்தது மாறவில்லை

எனக்குத் தேநீர் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் புவான். தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மைலோ இருந்தால் குடிப்பேன், இல்லையென்றால் வெறும் சுடுதண்ணீர் போதும். நீங்கள் கேட்டதால் சொன்னேன். மற்றதையும் அப்படியே நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குகனேஸ்வரன். வயது முப்பத்திரண்டு. கோலா தெர்லா சாலையிலிருந்து மேலே ஏறினால் வரும் எங்கள் எஸ்டேட்டில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வயதானவர்கள் இன்னும் என்னைக் கிராணி, அதாவது குமாஸ்தா, என்றுதான் கூப்பிடுவார்கள். என் வேலையில் முக்கியமானது அபாயச் சங்கு. நாங்களும் குடியிருந்த மூன்றாம் டிவிஷன் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருக்கும் மேட்டில் பதினான்கு கருவிகள் நட்டிருந்தோம். மண் எவ்வளவு நகர்ந்தது என்று அவை ஆபீசுக்கு எண் அனுப்பிக்கொண்டே இருக்கும். எண் ஓர் அளவைத் தாண்டினால் லயத்தில் சங்கு ஊதும். சனங்கள் அப்படியே வீட்டைப் போட்டுவிட்டுக் கோயில் திடலுக்கு ஓடிவிட வேண்டும். லெம்பா பெர்த்தாமில் சேற்று வெள்ளம் வந்து ஆட்கள் செத்த வருடத்திலிருந்து மழை பெய்தால் இங்கே யாரும் தூங்க மாட்டார்கள். சங்கு வந்த பிறகுதான் மழை நாளிலும் கண்ணை மூட முடிகிறது என்று பக்கத்து வீட்டு நீலாவதி அக்கா சொல்வார்.

அந்தச் சங்குக்கான புரோகிராமை எழுதியவன் நான்தான். எட்டு வருடமாக அது ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் கம்ப்யூட்டர் பதிவுத் தாள் புரிய வேண்டுமென்றால் ஒன்றை விளக்க வேண்டும். புரோகிராமை நாங்கள் ரெப்போ என்கிற கிடங்கில் வைத்திருப்போம். ஒரே ரெப்போவுக்குப் பல கிளைகள் இருக்கலாம். எங்களுக்கு இரண்டு. மெயின் என்ற கிளை நிஜ வேலைக்கு, டிரையல் என்ற கிளை சோதனைக்கு. அந்த ரெப்போவுக்குள்ளே இன்னொரு சின்ன ரெப்போ இருந்தது. கருவிகளை விற்ற கம்பெனி அதைத் தனியாக வைத்திருந்ததால் அப்படி. எந்த எண்ணில் சங்கு ஊத வேண்டும் என்ற அளவுகள் எல்லாம் அந்த உள் ரெப்போவில்தான். டிரையலில் அந்த அளவுகளை எட்டாத உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தேன். கருவியைத் தட்டிப் பார்க்கும்போது சங்கு அலறி, பிள்ளைகள் பயந்து ஓடக் கூடாது அல்லவா. வாரத்தில் ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம் டிரையலில் வைத்துச் சோதிப்போம். பிறகு மெயினுக்குத் திரும்பிவிடுவோம்.

கிளையை மாற்றினால் வெளியே இருப்பதுதான் மாறும். உள் ரெப்போ தானாக மாறாது, முன்பு நின்ற இடத்திலேயே நிற்கும். அதையும் கூடவே இழுத்து வர ஒரு செட்டிங் இருக்கிறது. எங்கள் மெஷினில் நான் அதைப் போட்டு வைத்திருந்தேன். அப்படியே மாறாமல் நின்றுவிட்டாலும், மெஷினிடம் நிலவரம் கேட்கும்போது ஒரே ஒரு வரி காட்டிக் கொடுத்துவிடும். கவனமாக இருப்பவர்கள் அந்த வரியைத் தவறவிட மாட்டார்கள்.

தனுஜா கவனமாக இருப்பவள். தாப்பா ஊர்ப் பெண். கோலாலம்பூரில் படித்துவிட்டு ஆகஸ்ட் மாதம் ஆபீசில் எனக்கு உதவிக்கு வந்து சேர்ந்தாள். மரியாதையான பெண், எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். வந்த மூன்றாவது வாரத்தில் என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, இந்த உள்ள இருக்கிற ரெப்போவ எடுத்துட்டு எல்லாத்தையும் ஒண்ணா போட்டுடலாம்லா. அப்பறம் யாரு வந்தாலும் பார்த்துக்கலாம்.”

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் ‘யாரு வந்தாலும்’ என்ற அந்த இரண்டு வார்த்தை எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். அவரும் அப்போது அறையில்தான் இருந்தார். “அப்படின்னா ஜனவரியில இருந்து ஒரு ஆளே போதும் போல” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். எந்த ஆள் என்று சொல்லவில்லை.

நான் பயந்தவன், புவான். அதை மறைக்க மாட்டேன். எங்கள் வீடு எஸ்டேட் வீடு. அப்பா இறந்து, அம்மா கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு, நான் வேலையில் இருப்பதால்தான் எங்களை அதில் இருக்க விட்டார்கள். வேலை போனால் மூன்று மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. துரை கூப்பிட்டால், இன்றைக்குத்தானோ என்று நினைத்துக்கொண்டே போவேன். பயம் ஒரு வியாதி மாதிரி. அதற்கு மருந்து தேடுவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

தனுஜா கையால் ஒரு தப்பு நடக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு யாரும் என்னை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அவளுக்கு அடி படவோ அசிங்கப்படவோ வேண்டும் என்று நான் நினைத்ததில்லை.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு, அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு, உள் ரெப்போவை இழுத்து வரும் செட்டிங்கை எடுத்தேன். கூடவே அந்த ஒரு வரியும் கண்ணில் படாதபடி செய்தேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தினமும் ஆறு மணிக்கு மெஷினின் நகல் ஒன்று ஈப்போவில் இருக்கும் பெரிய ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவள் தனுஜா. உங்கள் கையில் இருக்கும் தாள் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை சோதனை நாள். எட்டரைக்கு நானே டிரையலுக்கு மாற்றினேன், உள் ரெப்போவையும் கையால் மாற்றி வைத்தேன். ஒன்பதரைக்குத் தனுஜாவைக் கூப்பிட்டேன்.

“டெஸ்ட் முடிஞ்சிருச்சு. மெயினுக்கு மாத்திடுறியா? நான் அம்மாவ கூட்டிக்கிட்டு பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் போகணும்.”

“சரிண்ணே. உள்ள இருக்கிறதுக்குத் தனியா ஏதாச்சும் செய்யணுமா?”

“வேணாம்லா. அதுவா வந்துடும்.”

மாற்றிவிட்டு நிலவரத்தையும் கேட்டுப் பார்த்தாள். மாற்றம் எதுவும் இல்லை என்று மெஷின் சொன்னது. நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்தாள். நான் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கு வேலை செய்கிறது என்று அந்த எஸ்டேட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே இன்னும் டிரையல் அளவுகளே நிற்கின்றன, மேடே பெயர்ந்து வந்தாலும் அது ஊதாது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குள் பயம்தான் இருந்தது. சந்தோஷம் இருந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவரே உங்களிடம் வந்து பேசியிருக்கிறார் என்பதால் மறைக்க ஒன்றுமில்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை, அது உண்மை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது நீலாவதி அக்காவும் சேலை மாற்றிக்கொண்டு, குடையோடு வந்து நின்றார்.

“தம்பி, எனக்கும் கண்ணு மங்கலாத்தான் தெரியுது. நானும் கூட வரட்டுமா?”

“இடமில்லக்கா. பின்னால சாமான் ஏத்தணும். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்.”

“சரிப்பா, பரவால்ல” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார். கார் சாலைக்கு வந்ததும் அம்மா பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்டா, காலியாத்தானே கெடக்கு?”

நான் ரேடியோவைப் போட்டேன். யோசித்துப் பாருங்கள், புவான். ஒரு வயதான அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனால் அது மகன் செய்யும் கடமை. பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து ஏற்றினால், இவன் ஏன் ஆட்களை வெளியே கொண்டுபோகிறான் என்று பிற்பாடு யாராவது கேட்பார்கள்.

பிரிஞ்சாங்கில் கிளினிக் முடிந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பதினொரு மணிக்கே மழை பிடித்துவிட்டது. எதிரில் இருக்கும் கடையின் போர்டு தெரியாத அளவுக்குக் கொட்டியது. கருவிகளின் எண்களை என் போனிலும் பார்க்கலாம். ஒரு மணி நாற்பதுக்கு ஒன்பதாம் கருவி அளவைத் தாண்டியது. சங்கு ஊதியிருக்க வேண்டிய நேரம் அதுதான். பத்து நிமிடத்தில் எட்டாம் கருவியும் தாண்டியது. போனை மடியில் மறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னடா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?” என்று அம்மா கேட்டார்.

“ஒண்ணுமில்லம்மா. சாப்பிடுங்க.”

லயத்தில் யாருக்காவது போன் செய்திருக்கலாம். ஒரு நிமிடப் பேச்சு. கோயில் திடலுக்கு நடந்து போக நான்கு நிமிடம். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று முதலில் கேட்பார்கள். தெரிந்திருந்தால் சங்கு ஏன் ஊதவில்லை என்று அடுத்துக் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? பயத்தில் இருப்பவனுக்கு யோசனை ஓடாது என்று சொல்வார்கள். எனக்கு நன்றாகவே ஓடியது. இரண்டு இருபத்தைந்துக்குப் பதினான்கு எண்களும் ஒன்றாக நின்றுபோயின. போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

மேடு லயத்தின் மேல் சரிந்ததில் ஆறு பேர். பறிக்கப் போனவர்கள் தப்பித்தார்கள். வீட்டில் இருந்தவர்கள்தான் போனார்கள். நீலாவதி அக்காவும் அவர் கணவர் செல்லையாவும் ஒரே இடத்தில் கிடைத்தார்கள். ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று. மற்ற மூன்று பேரை எனக்குப் பெயர் அளவில்தான் தெரியும். எங்கள் வீடும் போய்விட்டது. நானும் இழந்தவன்தான் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சாயங்காலம் ஆபீசில் இருந்த எல்லோரும் லயத்துக்கு ஓடியிருந்தார்கள். செட்டிங் இரண்டையும் பழையபடி வைத்தேன். தனுஜா சேறு பூசிய காலோடு திரும்பி வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, நான் பார்த்தேன்ணே. எல்லாம் சரியா இருக்குன்னுதான் காட்டுச்சு. கோயில் சாமி மேல சத்தியமா பார்த்தேன்ணே.”

“நான் நம்புறேன்மா” என்றேன். அது உண்மை. நான் நம்பினேன். ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். அறிக்கையில், கிளையை மாற்றியவர் உள் ரெப்போவை மாற்ற மறந்துவிட்டார் என்று எழுதினேன். பெயர் எழுதவில்லை. பெயர் நோட்டிலேயே இருந்தது. மூன்று நாள் கழித்து, மறந்தது தான்தான் என்று அவளே ஒத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் அவளை வற்புறுத்தவில்லை.

இன்னொன்றையும் கேட்டீர்கள். சோதனை எல்லா வாரமும் நடக்கிறதே, ஏன் அந்த வாரம் என்று. உங்களுக்கு விடை தெரியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எண்களும் அதே நகலில் இருக்கின்றன. ஒன்பதாம் கருவி அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே நகரத் தொடங்கியிருந்தது. மழை வலுத்தால் மேடு ஒரு நாள் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. எட்டு வருடமாக அந்த மேட்டைப் பார்க்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் செட்டிங்கில் கை வைத்தேன். அதற்கு முன்னால் ஐந்து வாரம் கை வைக்காமலே காத்திருந்தேன். ஒன்றும் நடக்காத தப்பைத் துரை மன்னித்துவிடுவார், தனுஜா சிரித்தால் யாரும் மன்னித்துவிடுவார்கள். மன்னிக்க முடியாத தப்பாக இருக்க வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போடுகிறேன். எஸ்டேட் கம்பெனி எங்களுக்கு ஆபீஸ் பக்கத்தில் புது வீடு கொடுத்திருக்கிறது. அம்மா அங்கே வர மாட்டேன் என்கிறார். கோயில் மண்டபத்தில் மற்றவர்களோடு படுத்துக்கொள்கிறார். போன வாரம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது என்னைப் பார்த்ததும் எழுந்து, சுவரை ஒட்டிப் போய் நின்றுகொண்டார். பெற்ற தாய் என்னைப் பார்த்து நடுங்குகிறார், புவான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் அவரைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். என்னிடம் அவர் பயப்பட எதுவுமே இல்லை. அந்த லயத்தில் இருந்த அத்தனை பேரில் அவரை மட்டும்தானே நான் முன்கூட்டியே வெளியே கொண்டுபோனேன்.