ஏழாம் நாள் இல்லாத வட்டாரம்

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. எருமப்பட்டிக்குக் கிழக்கே பிறந்து, அந்தப் பக்கமே உத்தியோகமும் பார்க்கிறவன் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்ததுண்டு. சித்திரை பிறந்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் என் மூளை வேலை செய்யாது. மத்தியானத்துக்கு முன்பு மட்டும் செய்ததா என்று என் மனைவி கேட்பாள்.

அதனால்தான் ஐயா, எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜில் குளிரைக் கூட்டுகிற திருகை இரண்டிலிருந்து ஏழுக்குத் திருப்பினேன். மோரில் போட்டுக்கொள்ள ஐஸ் வேண்டியிருந்தது. திருப்பியதை மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து திறந்தால் ஐஸ் அருமையாகப் பிடித்திருந்தது. மேல்தட்டில் மட்டுமல்ல, கீழ்த்தட்டிலும். அங்கே இருந்த ரணஜன்னித் தடுப்பு மருந்துப் புட்டிகள் அறுபதும் கூழாங்கல்லாக இறுகிக் கிடந்தன.

அந்த மருந்து என்னைப் போல இல்லை. நாலு நாள் வெயிலைத் தாங்கிக்கொள்ளும்; உறைந்தால்தான் உயிரை விடும். ‘உறைந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது’ என்ற சுற்றறிக்கை ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது. ஒட்டியவன் நான். கோணல் இல்லாமல் ஒட்டியிருக்கிறேன் என்று டாக்டர் பாராட்டியிருந்தார்.

என் பெயர் தீர்த்தகிரி. புள்ளிவிவர உதவியாளர். மருந்து கொடுக்கிறவர் பதவி அப்போது காலியாக இருந்ததால் ஃபிரிட்ஜ் சாவியும் என்னிடம் இருந்தது. ஆனால் என் உண்மையான வேலை எண்ணுவது. வட்டாரத்தில் எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இறந்தது, எத்தனை கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டாயிற்று. நான் எண்ணியது சேலம் போகும். சேலத்திலிருந்து மதராஸ், அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர்ந்த ஊர். அங்கே உலகத்து நாடுகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, இரண்டாயிரமாவது ஆண்டுக்குள் எல்லோருக்கும் நல்வாழ்வு என்ற இலக்கை நோக்கி யார் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று அளப்பார்களாம். அந்த அளவுகோலில் ஒரு நூலளவாவது என் பேனாவால் நகர்கிறது என்பதில் எனக்குப் பெருமை. சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கூட அடுத்தவனைக் கூப்பிடுகிற ஆளுக்கு வேறு என்ன பெருமை கிடைக்கும்?

மருந்து உறைந்துவிட்டது என்று கடிதம் எழுதியிருக்கலாம். எழுதியும் பார்த்தேன். எட்டு வரி. ‘மோர்’ என்ற சொல் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அரசாங்கக் கடிதத்தில் அந்தச் சொல்லை எப்படி வைத்தாலும் அசிங்கமாகத் தெரிந்தது. தவிர, அந்தக் காலாண்டில் அறுநூறு ஊசி இலக்கு. கடிதத்தைக் கிழித்தேன். புட்டிகளை வெயிலில் வைத்தேன். ஐஸ் உருகியதும் பார்க்கப் பழையபடிதான் இருந்தன.

பழையபடி இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் குஞ்சம்மாள். கிராமம் கிராமமாக நடந்து ஊசி போடுகிற நர்ஸ் அவள்.

“சார், மருந்து திரிஞ்ச பாலாட்டம் இருக்குதுங்களே. குலுக்குனாலும் அடியில போயி ஒக்காந்துக்குது.”

“நல்லாக் குலுக்கு குஞ்சம்மா.”

“குலுக்கிக் குலுக்கிக் கைதானுங்க சார் வலிக்குது.”

“மோர்ல அடியில நிக்கிறதுதானே சத்து?”

அவள் சிரித்தாள். என் பேச்சுக்கு யாராவது சிரித்துவிட்டால் அத்தோடு காரியம் முடிந்தது என்று நினைக்கிற சுபாவம் எனக்கு. அறுநூறு ஊசியும் போட்டாயிற்று. அதற்கு முன் போட்டதையும் சேர்த்து நூற்று நாலு சதவீதம் என்று எழுதினேன். என் கையால் ஓர் ஊசிகூடப் போடவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆடி மாதம் முதல் குழந்தை போயிற்று. எங்கள் பக்கம் அதை ஏழுநாள் ஜன்னி என்பார்கள். குழந்தை நன்றாகத்தான் பிறக்கும், பால் குடிக்கும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ வாய் இறுகும். பால் வாங்காது. உடம்பு வில்லாக வளையும். தொப்புள்கொடியை அறுத்த கத்தி வழியாக வருகிற வியாதி. தாய்க்குப் போட்ட ஊசிதான் அதைத் தடுக்க வேண்டும். ஆவணிக்குள் இன்னும் இரண்டு. மூன்று தாய்மாரும் அந்த அறுநூறில் உள்ளவர்கள்.

ஊசி நூற்று நாலு சதவீதம், ஜன்னி மூன்று என்று ஒரே தாளில் அனுப்பினால் சேலத்தில் இருக்கிற எந்த மந்தபுத்திக்காரனும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க வருவான். என் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன: உயிருடன் பிறந்தவை, இறந்து பிறந்தவை. இறந்து பிறந்தால் தாயின் ரத்தக்குறைவு, விதி, யாரும் கேட்பதில்லை. நடுவில் ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுத வேண்டியதை இந்தப் பக்கம் எழுதினேன். போன குழந்தை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் போனதுதானே? அன்று அழுதேன் என்றால் நம்புவீர்களா? அழுதேன். எனக்கு இளகின மனசு.

ஐப்பசியில் என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். “உங்க ஆபீசுல இல்லாத ஊசியா, குஞ்சம்மாளை வரச் சொல்லுங்க” என்றாள் என் மனைவி. நான் மகளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். ராசிபுரம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் ஊசி போட்டு, அடுத்த மாதம் மறுபடியும் கூட்டிப் போய் இரண்டாவது ஊசியும் போட்டேன். கைராசிக்கார அம்மா என்று மனைவியிடம் சொன்னேன். பேரன் இப்போது நன்றாக இருக்கிறான், என் மூக்குக்கண்ணாடியை மூன்று முறை உடைத்துவிட்டான். தகப்பனுக்குக் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை இருக்கத்தானே செய்யும்? அதில் குற்றம் காண மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மாசியில் அத்தாயி வந்தாள். அவள் புருஷன் காளியண்ணன் போர் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போயிருந்தான். ஆண் குழந்தை, அப்படியே உன் சாடை என்று இவள் கடுதாசி போட்டிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து அவன் வெள்ளி அரைஞாண் வாங்கிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறான். குழந்தை இல்லை. எங்கள் நிலையத்துக்கு வந்து விசாரித்தான். முத்திரை குத்திய நகல் கொடுத்தேன். இறந்து பிறந்தது என்று அதில் இருந்தது. பெற்றவள் சொல்வதை நம்புவதா, முத்திரையை நம்புவதா? பொய்க் கடுதாசி போட்டவள் என்று அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

“ஏனுங்க சாமி, என்ற மவன் ஏழு நாள் இருந்தானுங்க. பால் குடிச்சானுங்க. அதெ ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க, போதும்.”

“பதிவேட்டுல இல்லீங்களேம்மா.”

“பதிவேடு எங்க ஊட்டுக்கு வந்து பாத்துச்சுங்களா?”

“உங்க மாமியாளையே சொல்லச் சொல்லுங்களேன்.”

“அந்தம்மா பேரனை மடியில வெச்சிருந்தவங்கதானுங்க. இப்பப் படிச்சவங்க எழுதுனது பொய்யாகுமாங்குறாங்க. நீங்க ஏழு நாளுன்னு எழுதுனா, நான் ஊடு திரும்பலாமுங்க.”

அதை எழுதினால் ஒரு ஜன்னிச் சாவு ஆகிறது. ஒன்று வந்தால் மற்றவையும் எழுந்து வரும். இவ்வளவையும் அவளிடம் எப்படி விளக்குவது? வெயிலில் நடந்து வந்திருந்தாள். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன், ஐஸ் போட்டு. குடித்துவிட்டு, “வாரேனுங்க சாமி” என்று சொல்லிப் போனாள். அப்புறம் ஆறு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் வேடிக்கையாக ஏதாவது சொல்லித்தான் அனுப்பினேன், முகம் கோணியதில்லை.

அந்த வருஷக் கடைசியில் எங்களுக்குக் கேடயம் கிடைத்தது. பிறந்த குழந்தைகளுக்கு ரணஜன்னி: பூஜ்யம். மேடையில் ஒருவர், நாடு முழுவதும் இந்த வட்டாரத்தைப் போல ஆகிவிட்டால் உலக அட்டவணையில் நாம் எங்கேயோ போய்விடுவோம் என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எனக்கே தட்டிக்கொள்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது.

பூஜ்யத்தில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதைக் கேடயம் வாங்கியவன் சொன்னால்தான் தெரியும். மற்ற எண்ணில் இருந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். பூஜ்யத்தில் இருந்து கீழேயும் போக முடியாது. மேலே ஒரே ஒரு படி ஏறினாலும் ஏன் ஏறினாய் என்று கேட்பார்கள். இலக்கை எட்டிவிட்ட வட்டாரத்துக்கு இவ்வளவு மருந்து எதற்கு என்று அடுத்த வருஷம் எங்கள் பங்கில் பாதியை வெட்டி, ஜன்னி இருக்கிற இடங்களுக்கு, ஓமலூர்ப் பக்கம், அனுப்பினார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டு ஒரு தாள் வந்தது. இல்லை என்று எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். உண்டு என்று எழுதக் காரணம் வேண்டுமே.

குஞ்சம்மாள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், அந்தக் கெட்ட மருந்து போட்டவங்களுக்கெல்லாம் மறுக்கா ஊசி போடோணுமுங்க. இந்த வருசமும் உண்டாயிருக்காங்க. மருந்து கேட்டு எழுதுங்க.”

“என்ன காரணம் போடறது குஞ்சம்மா?”

“நடந்ததெப் போடுங்க.”

“நடந்ததைப் போட்டா உனக்கும் வேலை போகும். ஊசி போட்ட கை யாருது?”

அவளை மிரட்டினேன் என்று உங்கள் குற்றச்சாட்டுத் தாளில் எழுதியிருக்கிறீர்கள். நான் அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் அன்று நினைத்தேன். இரண்டு சின்னக் குழந்தைகள் அவளுக்கு.

அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணுகிற வேலைக்காரன் எண்ணுவதை விட்டால் அது ஒரு சுகம். குழந்தை போன செய்தி வரும், கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுதுவேன், பதிவேட்டை மூடுவேன். கூட்டிப் பார்க்கமாட்டேன். எண்பத்தேழில் வீடு வீடாகப் போய்க் கேட்கிற குழு ஒன்று டெல்லியிலிருந்து வந்தது. அவர்கள் என் மேசைக்கு வருவதற்கு முன்பே அத்தாயியின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் பதில் சொல்ல இரண்டு வருஷமாகத் தயாராக இருந்தாள்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். திருகைத் திருப்பியவன் நான். உறைந்த மருந்தைப் போடச் சொன்னவன் நான். கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுதியவன் நான். வாக்குமூலத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் காலையில் ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதினேன்: மருந்து கெட்டுவிட்டது, அதனால்தான் குழந்தைகள் சாகின்றன என்று எனக்கு எப்போது தெரியும்? நான் பொய் சொல்லவில்லை. மோரும் ஐஸும் வேடிக்கைப் பேச்சுமாக இருந்த ஓர் ஆளுக்கு ஒன்று எந்த நாளில் தெரியவந்தது என்று எப்படிச் சொல்வது?

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தேன். குஞ்சம்மாள் வராந்தா பெஞ்சில் சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள். இந்த மூன்று வருஷத்தில் இதை நான் அவளிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். “அது உங்களுக்குத்தானுங்க சார் தெரியும்” என்பாள். இன்றும் அதையே சொல்வாள், நானும் உள்ளே வந்து ஞாபகம் இல்லை என்பதையே உறுதி செய்துவிடலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

“நெசமாச் சொல்லு குஞ்சம்மா. நான் தெரிஞ்சா செஞ்சேன்?”

அவள் போசியை மூடினாள். கை கழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“மொத்தம் இருவத்தாறுங்க சார். நான் எண்ணி வெச்சிருக்கறேன், ஊர் பேரோட. மொதல் மூணு உங்களுக்குத் தெரியாமப் போச்சு. மிச்சம் இருவத்தி மூணும் தெரிஞ்சுதான் போச்சு. எனக்குந்தானுங்க.”