மூட்டைக் காவல்

கடலுக்கு வந்தும் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, கூட வந்தவங்க எப்படிம்மா சந்தோஷமா இருக்கிறது. கேட்டீங்கல்ல? அதோ, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுட்டு நிக்கிறாரே, அவரு சொன்னதுதான். என் வீட்டுக்காரர். இதுக்கு மேல கடலே வேண்டாம், அடுத்த வருஷத்துலேருந்து மலைப்பக்கம் போயிடலாம், உனக்காகத்தான், அப்படின்னுட்டுப் போறாரு. அந்த உனக்காகத்தானை மட்டும் ஒரு அழுத்து அழுத்தி.

நீங்க இப்படித் தள்ளி உக்காருங்க, குடை நிழல் அங்க எட்டாது. ஊருக்குப் புதுசா? அதான் நல்ல பீச்சு எதுன்னு கேக்கறீங்க. சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கீங்க. எல்லா லீவுக்கும் இதே பிழைப்பு. பாறை பீச்சுன்னா சாஞ்சு உக்கார அருமையா இருக்கும், ஆனா பாத்ரூம் போகணும்னா பஸ் பிடிக்காத குறை. லைட் ஹவுஸ் இருக்கிற பீச்சுல குழாய்த் தண்ணி நல்லா வரும். மண்ணுதான் மாவு மாதிரி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தீங்களோ, பல்லுல நறநறங்கும். இங்க நிழல் பரவால்ல.

கடல் எப்படியா? அதை என்கிட்ட கேட்டா? ஈரமாத்தான் இருக்கும்.

சிரிக்காதீங்க. நான் மூட்டைக் காவல். இதுல எல்லார் போனும் இருக்கு, கார் சாவி இருக்கு. இந்தச் சின்ன டப்பாவுல மாமனாரோட பல்லு செட்டு. அலையில விழுந்துடும்னு கழட்டி என் கையில குடுத்துட்டுத்தான் இறங்குவாரு. ஒரு தடவை நான் கால் கழுவப் போன நேரத்துல ஒரு நாய் டப்பாவோட கவ்விட்டு ஓடிப்போச்சு. குடும்பமே நாய் பின்னாடி ஓடுது, பொக்கை வாயோட அவரும் ஓடறாரு. அதுலேருந்து நான் பாயை விட்டு எந்திரிச்சாலே எல்லாருக்கும் திக்குங்கும்.

மாத்தி மாத்திப் பார்த்துக்கலாம்தான். ஆனா எனக்குத் தண்ணின்னா பயமாச்சே. நான் இறங்க மாட்டேன்ல, அப்ப நானே இருந்துடலாம்ல.

பயம்னு யாரு சொன்னதா? நான்தான்.

கல்யாணமாகி ரெண்டாம் மாசம். ஒரு வேன் நிறைய ஆளுங்க. கொழுந்தனுங்க மூணு பேரு, மாமனார், எல்லாரும் தண்ணியில நின்னுக்கிட்டு வாம்மா இறங்கு, வாங்க அண்ணிங்கறாங்க. அன்னிக்குக் காலையிலதான் நான் வீட்டுக்குத் தூரமாயிருந்தேன். அத்தனை ஆம்பளைங்க முன்னாடி என்னத்தைச் சொல்ல? வயித்து வலின்னு சொல்லக்கூட நாக்கு எழாத மாதிரி வளர்த்துவிட்டிருந்தாங்க எங்க கான்வென்ட் சிஸ்டருங்க. தண்ணின்னா எனக்குப் பயம் மாமான்னேன். அந்த நேரத்துக்கு வாயில வந்தது.

அவ்வளவுதான். மாமனார் உருகிப் போயிட்டாரு. யாரும் அவளை வற்புறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. அடுத்த தடவை நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கொழுந்தன் குடையை நட்டு, பாயை விரிச்சு, அண்ணி நீங்க இப்படி உக்காருங்கன்னுட்டான். எல்லார் மூட்டையும் மடியில வந்து விழுந்துடுச்சு.

மாத்திச் சொல்லியிருக்கலாமேன்னா, எப்பச் சொல்றதுங்க? இவரு எந்தச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாலும் ஆரம்பிச்சுடுவாரு, பாவம், அவளுக்குத் தண்ணின்னா உயிரே போயிடும், எங்களுக்காகப் பல்லைக் கடிச்சுட்டு வரான்னு. முழங்கால் தாண்டி அவரு இறங்கிப் பார்த்தீங்களா? இத்தனை நேரமா அதே இடத்துலதான் நிக்கிறாரு. என் பயத்தை வெச்சுத்தான் அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் வீரம். அதைப் போய்ப் பிடுங்கறதா?

என் பொண்ணு வேற, அம்மாவின் தியாகம்னு ஸ்கூல்ல கட்டுரை எழுதி ஒரு கப்பு வாங்கிட்டு வந்தா. ஹால்ல வெச்சிருக்கோம். என் கப்புதான் எங்கம்மா வீட்டுப் பரண்ல கிடக்கு.

எதுக்கா? நீச்சலுக்கு.

எங்க ஸ்கூல்ல ஆளுயர மதில் கட்டி உள்ள ஒரு நீச்சல் குளம் இருந்துச்சு. ஒரு சிஸ்டர், விசில் சிஸ்டர்னுதான் கூப்பிடுவோம், கரையில ஓடிக்கிட்டே ஊதுவாங்க. கடைசி ரெண்டு வருஷம் என்னை யாரும் முந்தினதில்ல. பொண்ணு பார்க்க வந்தப்ப சொல்லியிருக்கலாம். நீச்சல்னா என்ன உடுப்பு போட்டுன்னு அடுத்த கேள்வி வரும்னு எங்கம்மா வாயை அடைச்சுட்டாங்க. இப்ப மலைக்குப் போறாங்களாம் மலைக்கு. அங்க போய் என்னத்தைப் பார்க்க, மேகத்தையா?

எனக்கு ஏன் இப்படி வேர்க்குதுன்னுதானே பார்க்கறீங்க. உள்ள நீச்சல் டிரஸ் போட்டிருக்கேன். இன்னிக்குன்னு இல்ல, ஒவ்வொரு தடவை வரும்போதும் போட்டுட்டுத்தான் வரேன். நனையாமலே வீட்டுக்குப் போகும். கழட்டினா தோள்ல வார் பதிஞ்ச தடம் இருக்கும், அது ஒண்ணுதான் மிச்சம். இந்த வருஷம் வேற கொஞ்சம் இறுக்குது.

அதோ, எல்லாரும் ஐஸ்கிரீம் கடைப்பக்கம் திரும்பிட்டாங்க. ஒருத்தரும் இந்தப் பக்கம் பார்க்கலை. நான் அந்தப் படகுக்குப் பின்னாடி இறங்கி, ஒரு முங்கு, ஒரு நாலு வீச்சு, வந்துடுவேன். இந்த மூட்டையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?

எங்க எந்திரிக்கிறீங்க? உங்களையா கூப்பிடறாங்க? காதுல விழாத மாதிரி இருங்களேன். இன்னிக்கு விட்டா எனக்குக் கிடையாதுங்க.

ஏங்க. உங்களைத்தான். பார்த்துக்கறீங்களா?