கம்பி மாட்டியிருந்தபோது சுற்றாத உருளை

என் பெயர் டாம்சின் பாஸ்கோ. வயது இருபத்தாறு. போர்ட் லிங்கனில் தனியாக வசிக்கிறேன். அதே ஊரில் கிளைவ் லாடர் என்பவர் நடத்தும் மின்னணுப் பழுதுபார்க்கும் பட்டறையில் மூன்று வருடங்களாக வேலை செய்கிறேன். இந்த வாக்குமூலத்தைத் தர என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை, காஃபின் பேயில் உள்ள சிப்பிக் கொட்டகையின் பராமரிப்பாளர் வெஸ் ஹானஃபோர்ட், சிப்பிகளைத் தரம்பிரிக்கும் உருளையையும் அதன் மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகையையும் வேனில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நிறுத்தி வைத்திருக்கும்போதே உருளை சில சமயம் தானாகத் திரும்புகிறது என்றார். அந்தப் பலகையில் உள்ள சில்லு, மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை ஒரு தடத்தின் வழியே துடிப்புகளாக அனுப்பும். நான் அந்தத் தடத்தில் துடிப்புகளைத் திரையில் காட்டும் அலைகாட்டியின் கம்பியை மாட்டி, மின்சாரத்தை இருநூறு முறை அணைத்துப் போட்டேன். உருளை ஒருமுறைகூட அசையவில்லை. அதன் பிறகு கம்பியைக் கழற்றியதும் மூன்றாவது முறையிலேயே திரும்பியது. மறுபடி மாட்டினேன், நின்றுவிட்டது.

வெஸ் இறைச்சி அடைத்த ஒரு பேஸ்டியைத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பாக்கும்போது மட்டும் ஒழுங்கா இருக்கு, என் மவன் மாதிரியே" என்றார்.

சில்லு அணைந்து மறுபடி தொடங்கும் கணத்தில் அந்தத் தடம் யார் பிடியிலும் இருப்பதில்லை; அதில் தற்செயலாக எழும் துடிப்பைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு மோட்டார் சுற்றிவிடும். அலைகாட்டியின் கம்பி அதன் மின்னழுத்தத்தைத் தாழ்வாகப் பிடித்து வைத்திருந்தது. தடத்துக்கும் பலகையின் தரை இணைப்புக்கும் இடையில் ஒரு ரெசிஸ்டர், அதாவது சிறிய மின்தடை, வைத்தால் போதும், கம்பி செய்த வேலையை அதுவே செய்யும். அந்தப் பலகையைச் செய்தவர்கள் வைக்கவில்லை. இதை கிளைவிடம் சொன்னேன்.

"அடுத்தவன் செஞ்ச பலகையில நாம கைவெச்சா நாளைக்கு எல்லாம் நம்ம தலையிலதான் விழும். மாட்டிப் பாத்தப்ப சரியா இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப அதையே எழுது."

சோதித்தபோது பழுது காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு வெஸ் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெஸ் சிவப்புப் பொத்தானை அழுத்தி உருளையை நிறுத்திவிட்டு, உள்ளே சிக்கியிருந்த ஓடுகளைக் கையால் எடுத்திருக்கிறார். அந்தக் கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மின்சாரத்தையே அணைத்தால் இயந்திரத்தை மறுபடி தொடங்க நேரமாகும். அப்போது யாரோ தண்ணீர்ப் பம்பைப் போட மின்னழுத்தம் தாழ்ந்து, சில்லு அணைந்து மறுபடி தொடங்கி, உருளை திரும்பியது. அவருடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. நான் அங்கே இல்லை. கிளைவ் தொலைபேசியில் சொன்னார். நான் கையிலிருந்த வேறொரு பலகையைச் சோதித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்று மதியம் கிளைவ் கொட்டகைக்குப் போய் அந்தப் பலகையைக் கழற்றி எடுத்துவந்தார். பட்டறையிலிருந்த ஒரு மோட்டாரை அதில் இணைத்து, அலைகாட்டியின் கம்பியை மாட்டாமல் இருநூறு முறை அணைத்துப் போட்டேன். முப்பத்தொரு முறை மோட்டார் தானாகத் திரும்பியது. அதன் பிறகு கிளைவ், "அந்த ரெசிஸ்டர இப்ப வெச்சிடு. மெயின் ஸ்விட்ச்ச அணைக்காம கைய விட்டது அவன்தான. திங்கக்கிழமை தொழில் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வந்து பாக்கும்போது சுத்தமா இருக்கட்டும்" என்றார்.

வைத்தேன். புதிய ஈயம் பளபளக்காமலிருக்க அதைத் தேய்த்து மங்கலாக்கினேன். அதை யாரும் சொல்லித் தரவில்லை.

கிளைவ் அதைக் கொண்டுபோய்க் கொட்டகையில் மறுபடி பொருத்தினார். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் கொண்டுபோனது அந்தப் பலகையைத்தான். எத்தனை முறை சோதித்தாலும் அதில் பழுது தெரியாது, வெஸ் மீதுதான் தவறு என்று முடிவாகும். சில்லிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடத்தின் இடது ஓரத்தில் இருக்கும் கறுப்பு ரெசிஸ்டர் நான் வைத்தது. அதை எடுத்துவிட்டு, எந்தக் கருவியையும் மாட்டாமல், உருளையை மட்டும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளவை படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, எல்லாம் உண்மை.

ஒப்பம்,
டாம்சின் பாஸ்கோ
போர்ட் லிங்கன் காவல் நிலையம், மார்ச் 19