அழகேசனுக்கு நான் போடாத சோறு

கோல சிலாங்கூர் போலீஸ் நிலையம், 11 அக்டோபர் 1988, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.20. செம்பனைத் தோட்டத் தொழிலாளி அழகேசன் த/பெ நல்லசாமி, வயது 23, என்பவரின் மரணம் குறித்துச் சாட்சி தமிழில் சொன்னதை எழுதிக்கொண்டவர் கார்ப்பரல் காளியண்ணன்.

என் பெயர் நஜ்முதீன். தகப்பனார் பெயர் முகம்மது காசிம். வயது 47. பத்தாங் பெர்ஜுந்தாய் கடைவீதியில் என் மைத்துனர் மூசாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் மனைவி ஹமீதாவுடன் குடியிருக்கிறேன். அதே கடையில் இருபத்திரண்டு வருடமாகச் சமையல் வேலை செய்கிறேன். இதற்கு முன்பு போலீசிலோ கோர்ட்டிலோ நான் எதுவும் சொன்னதில்லை.

மேற்படி அழகேசனைச் சுமார் மூன்று வருடமாகத் தெரியும். அவர் நான்கு மைல் தள்ளியுள்ள தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டும் வேலை செய்தார். தகப்பனார் இல்லை. தாயார் சின்னம்மாவுடன் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓடியே வந்து எங்கள் கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் ஓடியே போவார். மூன்று முறை சோறு வாங்குவார். மீன் குழம்பு தீர்ந்துவிட்டால் வெறும் ரசம் போதும் என்பார்.

நடராஜா என்பவர் பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் கடைக்குத் தினமும் கோப்பி குடிக்க வருவார். அவர்தான் அழகேசனுக்கும் வேறு மூன்று இளைஞர்களுக்கும் ஓட்டப் பயிற்சி கொடுத்தார். அந்த மூவரில் இருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். செப்டம்பர் மாதம் 20-ம் தேதி சபா மாநிலத்தில் ஒரு மலை ஓட்டப் போட்டி இருப்பதாகவும், பத்துப் பேருக்குள் வருகிறவருக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை தருவதாக முதலாளி ஒருவர் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் நடராஜா என்னிடம் சொன்னார். மேலே காற்று குறைவு, உடம்பு அதற்குப் பழக வேண்டும், முன்கூட்டியே போய் மலையிலேயே தங்க வேண்டும் என்றும், நால்வருக்கும் பொதுவாகச் சமைக்க ஒரு முஸ்லிம் சமையல்காரர் வேண்டும் என்றும் சொல்லிக் கேட்டார். மூசா சம்மதித்ததால் நானும் போனேன்.

செப்டம்பர் 4-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் போனோம். இரண்டு நாள் மலையடிவாரத்தில் தங்கிவிட்டு 7-ம் தேதி காலையிலிருந்து ஏறி மாலைக்குள் பதினோராயிரம் அடி உயரத்தில் இருந்த ஒரு குடிலை அடைந்தோம். வழியில் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். என் அரிசிச் சாக்கை அழகேசன் தோளில் வாங்கிக்கொண்டார். "குலையைவிடக் கனம் கம்மிதான் பாய், நீங்க மெதுவா வாங்க" என்றார்.

அதன் பிறகு 8-ம் தேதி காலையில் நடராஜா ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். காலையில் அவித்த முட்டை இரண்டு, சீனி போடாத கோப்பி. மதியம் அவித்த கோழி, கீரை. இரவும் அதுவே. சோறு, ரொட்டி, கிழங்கு, சீனி எதுவும் கூடாது. நான் காரணம் கேட்டதற்கு, மூன்று நாள் சோற்றை நிறுத்தி உடம்பைக் காயவைத்துப் பிறகு மூன்று நாள் சோறாகக் கொடுத்தால் ஓட்டக்காரனுக்கு இரட்டிப்புப் பலம் வரும் என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்ததாகச் சொன்னார். தாளில் ஒன்பது நாள் என்று எழுதியிருந்தது. அதைக் கேட்டதற்கு, "மூணு நாளுக்கே அவ்ளோ பலன்னா ஒம்போது நாளுக்கு எவ்ளோ இருக்கும், யோசிச்சுப் பாருங்க பாய். ஆளும் எளைப்பான், ஏறுறது லேசாயிடும்" என்றார். நடராஜாவும் அந்தத் தாளில் இருந்ததைத்தான் சாப்பிட்டார். அவர் ஒளித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நானும் சுமை தூக்க வந்த உள்ளூர்க்காரர் இருவரும் சோறு சாப்பிட்டோம். அந்த உயரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் பருக்கை வேகாது. நெடுநேரம் அடுப்பில் கிடக்க வேண்டும். ஆகையால் அவர்கள் நால்வரும் ஓடப் போனபிறகு உலை வைத்து, அவர்கள் திரும்புவதற்குள் சாப்பிட்டுப் பானையைக் கழுவிவிடுவேன். வாசனை மட்டும் குடிலுக்குள் நிற்கும். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும் போகவில்லை.

தினமும் காலையில் இரண்டு மணி நேரமும் பிற்பகலில் ஒரு மணி நேரமும் பாறைமேல் ஏறி இறங்கி ஓடினார்கள். காலையில் எழுந்ததும் நடராஜா எல்லாரையும் தராசில் நிறுத்தி எழுதிக்கொள்வார். அழகேசன் முதல் நாள் 58 கிலோ இருந்தார்.

10-ம் தேதி அழகேசனுக்கு மூக்கு ஒழுகியது. உதட்டோரம் வெடித்திருந்தது. வருவதற்கு முன் முள் குத்திய இடது கைக் காயம் ஆறாமல் திரும்பவும் சீழ் வைத்திருந்தது. நான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு நடராஜாவிடம் போய்ச் சொன்னேன். "மலையில எல்லாருக்கும் சளி புடிக்கும்லா பாய். எனக்கும்தான் ஒழுகுது" என்றார். அது உண்மைதான், அவருக்கும் ஒழுகியது.

அதன் பிறகு 11-ம் தேதி பிற்பகல் அழகேசன் தனியாக அடுக்களைக்கு வந்தார். எதுவும் கேட்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குளிர் காய்ந்தார். அவர் கண் பானையிலேயே இருந்ததைப் பார்த்து நான் அடியில் இருந்த சோற்றில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து உப்புப் போட்டு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிண்ணத்தை விரலால் வழித்தார். கிண்ணத்தை அவரே கழுவினார்.

மறுநாள் காலை மற்ற மூவரும் தராசில் குறைந்திருக்க அழகேசன் அரைக் கிலோ கூடியிருந்தார். நடராஜா கேட்டதும் அவரே ஒப்புக்கொண்டார். நடராஜா அவரை அடிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார். அழகேசன் இனிமேல் தொடமாட்டேன் என்று தன் தாயார் மேல் சத்தியம் செய்தார். அதன் பிறகு நடராஜா என்னிடம் வந்து, "நீங்க பாசத்துல செய்றீங்க பாய். ஆனா அவனை லயத்துலயே கெடக்க வைக்கிறது நீங்கதான்" என்றார். அந்த வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் தாளில் உள்ளதைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். மற்ற மூவர் பையிலும் பிஸ்கட் இருந்தது. படுக்கைக்குக் கீழே உறைகளைப் பார்த்திருக்கிறேன். நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் அழகேசனுக்கும் நீட்டினார்கள் என்றும், அவர் வாங்கவில்லை என்றும் அந்தச் சீனப் பையன் பிறகு என்னிடம் சொன்னான்.

13-ம் தேதியிலிருந்து அழகேசன் முட்டையையும் ஒதுக்கினார். பசியே இல்லை பாய் என்றார். வாய்க்குள் புண் வந்து கோழியை மெல்ல முடியாமல் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். 14-ம் தேதி தட்டைக் கொடுக்கும்போது கை பட்டது. அனலாக இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் அடிக்கிறது, சாரிடம் சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடாதீங்க பாய். கீழ அனுப்பிட்டாங்கன்னா நான் மறுபடியும் அறுவாளைத்தான் தூக்கணும். அம்மாவை லயத்துலேருந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். நான் சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் அவர் ஓடினார். இருமிக்கொண்டே ஓடினார்.

15-ம் தேதி பிற்பகல் அவர் கடைசியாக அடுக்களைக்கு வந்தார். உட்காரவில்லை. வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாய், சோறு வேணாம். சீனி போட்டு ஒரு தேத்தண்ணி மட்டும் தர்றீங்களா? குளிருது" என்றார். சீனி டப்பா என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தராசில் தெரிந்து அவர் பெயரை அடித்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து, "நாளைக்கு ஒரு நாள்தான் தம்பி. நாளன்னைக்குக் காலையில சோறே போடுறேன், வயிறு நெறைய" என்று சொல்லிச் சீனி இல்லாமல் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் அதை வாங்கி இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தார். குடிக்கவில்லை. ஆறியபிறகு திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

16-ம் தேதி காலை அவர் எடை 51 கிலோ. நடராஜா அதை எழுதிக்கொண்டு நல்லது என்றார். எட்டு மணிக்கு நால்வரும் உச்சியை நோக்கி ஓடினார்கள். ஒன்பதரை மணிக்கு ஒரு மலாய்ப் பையன் ஓடிவந்து அழகேசன் பாறையில் உட்கார்ந்துவிட்டார், எழவில்லை, பேச்சும் குளறுகிறது என்றான். நடராஜாவும் சுமை தூக்குகிறவர்களும் போய்த் தூக்கி வந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் நீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. நான் சீனித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டேன். அது உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது.

அதன் பிறகு கம்பில் போர்வையைக் கட்டி அவரைப் படுக்கவைத்து மழையில் கீழே இறக்கினோம். ஐந்து மணி நேரம் ஆயிற்று. நடராஜா ஒரு முனையைக் கடைசிவரை யாருக்கும் மாற்றிக்கொடுக்கவில்லை. அடிவாரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 18-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு அழகேசன் இறந்துபோனார். அவர் கண் திறந்து யாரிடமும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களிடம் மலாயில் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றார். உயரமான இடத்தில் பசி எடுக்காது, ஆனால் உடம்புக்குக் கீழே இருப்பதைவிட அதிகம் தீனி வேண்டும் என்றார். சோறும் சீனியும் இல்லாமல் அந்தக் காற்றில் தினமும் அப்படி ஓடினால் நோயோடு சண்டை போடுகிற சக்தி இரத்தத்தில் இறங்கிப்போகும், சாதாரணச் சளி கூட நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்றார். கைக்காயத்தைப் பார்த்துவிட்டு, இது ஆறாமல் இருந்ததே ஒரு அடையாளம், யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். நடராஜா சுவரைப் பார்த்து நின்றார். காய்ச்சல் கண்ட அன்றே கீழே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்டேன். பிழைத்திருக்கக்கூடும் என்றார்.

21-ம் தேதி தோட்டத்தில் அடக்கம் நடந்தது. நான் போனேன். லயத்துப் பக்கம் போகாமல் ரோட்டிலேயே நின்றேன்.

அதன் பிறகு அக்டோபர் 1-ம் தேதி சனிக்கிழமை காலை மணி பதினொன்று இருக்கும், சின்னம்மா எங்கள் கடைக்கு வந்தார். கூட அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டு அன்னம்மா வந்தார். சின்னம்மா சுவரோரம் உட்கார்ந்தார். அழகேசன் இறந்த சேதி வந்த நாளிலிருந்து அவர் சோறு தொடவில்லை என்றும், வெறும் கோப்பியில் இருக்கிறார் என்றும், உங்களைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் கூட்டி வந்ததாகவும் அன்னம்மா சொன்னார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் போய் நின்றேன்.

சின்னம்மா என்னைப் பார்த்து, "பெட்டியைத் தொறந்தப்ப என் புள்ள பாதி ஆளா இருந்தான் பாய். நீங்கதான் அங்க ஆக்கிப் போட்டீங்களாமே. என் புள்ள சோறு தின்னானா?" என்று கேட்டார்.

"தின்னாரு அம்மா. மூணு வேளையும் தின்னாரு. என் கையாலதான் போட்டேன். சீக்குலதான் எளைச்சிட்டாரு" என்று சொன்னேன்.

அவர் என் கையையே பார்த்தார். பிறகு, "அது போதும் பாய். பசியோட போயிட்டானோன்னுதான் எனக்கு" என்றார். அதன் பிறகு அன்னம்மா ஜாடை காட்ட, நான் இலை போட்டுச் சோறு வைத்தேன். சின்னம்மா சாப்பிட்டார். மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு வாங்கினார். நான் ரசம் ஊற்றினேன். அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதாக அன்னம்மா போன வாரம் கடைக்கு வந்தபோது சொன்னார்.

நான் சின்னம்மாவிடம் சொன்னது பொய். 8-ம் தேதியிலிருந்து 16-ம் தேதி வரை அழகேசனுக்குச் சோறு என்று நான் கொடுத்தது ஒரு கிண்ணம் கஞ்சி மட்டும்தான். கடைசி நான்கு நாள் அவர் அநேகமாக ஒன்றும் சாப்பிடவில்லை. பசியோடுதான் போனார்.

இந்தப் பகுதியை எழுதாமல் விட முடியுமா என்று கார்ப்பரலைக் கேட்டேன். முடியாது என்றார். கோர்ட்டுக்கு வரச் சொல்லிச் சின்னம்மாவுக்கும் ஓலை போயிருக்கிறது, அங்கே வாசிப்பதை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்வார்கள் என்றார். சொல்கிறவரிடம் நான் முன்கூட்டியே பேசலாமா என்று கேட்டேன். கூடாது என்றார்.

மேலே எழுதியது முழுவதும் எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டப்பட்டது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. சின்னம்மாவுக்கு நான் சொன்ன பதில் ஒன்றைத் தவிர இதில் எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மு. நஜ்முதீன்
எழுதி வாசித்துக் காட்டியவர்: கார்ப்பரல் காளியண்ணன்
முடிந்த நேரம்: பிற்பகல் மணி 12.45