அம்மாவுக்கு ஜன்னல் சீட்டு

போட்ல ஏறப் போறவங்க காலைல பூரி துன்னக் கூடாதுக்கா. இட்லின்னா ரெண்டு, அதுக்கு மேல வயித்துல ஒண்ணியும் போடக் கூடாது. இங்க வர்றவங்க யாரும் கேக்கறதில்ல. ஓட்டல்ல நாஷ்டா ஃப்ரீன்னு மூக்குப் புடிக்கத் துன்னுட்டு வந்து, கரை கண்ணுல இருந்து மறையறதுக்குள்ள பை குடு பை குடுன்னு என்னைத் தேடுவாங்க. அந்தமானுக்கு வந்து மூணு வருஷத்துல நான் கத்துக்கினது இது ஒண்ணு தான். எதுவா இருந்தாலும் முன்னாடியே யோசிச்சிடணும்.

என்னைப் பத்தி உனக்குத் தெரியும். கேஸ மூடினோமான்னு மூணு வாட்டி போய்ப் பாக்கற ஆளு. "வசந்து, பூட்ட இஸ்து இஸ்துப் பாத்தே ஒடைக்கப் போறடா"ன்னு நீ கிண்டல் பண்ணுவ. அதனால இத்தயும் மொதல்ல இருந்து வரிசையா சொல்லிடறேன். நடுவுல ஃபோன் பண்ணாத, முழுசாப் படி. படிச்சிட்டு நீ அம்மா கிட்ட பேசணும். அதுக்குத் தான் சொல்றேன்.

இங்க என் வேல இன்னான்னு அம்மாவுக்கு ஒரு வாட்டி வெவரமா சொன்னேன். சின்னச் சின்னத் தீவுக்கு டூரிஸ்டுங்கள இட்டுக்கினு போற போட்ல ஹெல்ப்பரு. போட்ட கட்டற மேட இல்லாத எடத்துல மொழங்கால் தண்ணில நின்னுக்கினு ஒவ்வொருத்தரையா கை புடிச்சி எறக்கணும். போன வருஷம் கல்கத்தால இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. கழுத்துக்குக் கீழ ஒண்ணியும் வேல செய்யல. நாங்க நாலு பேரு அவர சேரோட தூக்கி எறக்கி, காலு நனையற மாதிரி தண்ணி ஓரத்துல வெச்சோம். அவரு பொண்டாட்டி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. இத்தச் சொன்னப்ப அம்மா, "சேரோடவா? ஆடாதா?"ன்னுச்சி. "நான் புடிச்சா ஆடாதும்மா"ன்னேன். அப்பறம் வேற வேற நாள்ல நாலஞ்சு வாட்டி அதையே கேட்டுச்சி. சேரு பிளாஸ்டிக்கா இரும்பா. எத்தினி பேரு புடிச்சீங்க. அந்தம்மா கூடவே நடந்து வந்தாங்களா. என் வேல மேல அம்மாவுக்கு இவ்ளோ ஆசையான்னு எனக்கு பெருமையா இருந்துச்சி.

அம்மாவ இங்க இட்டாரணும்னு அப்பத் தான் முடிவு பண்ணேன். திருமுக்கூடல்ல பொறந்து உத்திரமேரூர்ல வாக்கப்பட்ட பொம்பள. இது வரைக்கும் அது தாண்டின பெரிய தண்ணி பாலாறு தான், அதுவும் மணல்ல நடந்து. மகாபலிபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயி, வேன் உள்ள இருந்தே கடலப் பாத்துட்டு வந்து, "கலங்கலா கீதுடா"ன்னுச்சி. இங்க தண்ணி அப்டி இல்லக்கா. இடுப்பளவு எறங்கினாலும் கால் மெட்டி தெரியும்.

ஆறு நாளு. பிப்ரவரி ஒம்போது பிளைட்டு. ஒரு நோட்டுல எல்லாம் எழுதி வெச்சேன். மொத நாளு ரெஸ்ட்டு, அம்மாவுக்கு காது அடைக்கும். மறுநாளு இங்கியே பீச்சு. மூணாவது நாளு நீல் தீவு. வாந்தி மாத்திர, ரப்பர் செருப்பு, மாத்துத் துணிக்கு தனி பை. கடலு அடங்கி இருக்கற மாசம் பாத்தேன், எந்தப் பக்கம் ஒக்காந்தா தீவுங்க தெரியும்னு பாத்தேன். நைனா மட்டும் தான் பாக்கி.

நைனா மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. அத்த நீ நம்பணும். அடிச்சதில்ல, குடிச்சதில்ல. நாலு வருஷமா ஒரு பக்கம் வரல, பேச்சு வரல, அவ்ளோ தான். ஆஸ்பத்திரில இருந்து அனுப்பறப்ப நர்சம்மா சொன்னாங்களே, நீயும் பக்கத்துல தான் இருந்த. கஞ்சி குடுக்கறப்ப முதுகுக்கு ரெண்டு தலைகாணி வெச்சி நிமித்தி ஒக்கார வெக்கணும். ஒரு ஸ்பூனு முழுங்கினப்பறம் தான் அடுத்த ஸ்பூனு. படுக்கப் போட்டு ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிரும். அம்மா நாலு வருஷத்துல ஒரு வேள கூட தப்பு பண்ணல. ஒரு டம்ளர் கஞ்சிக்கு முக்கா மணி நேரம் ஆவும். ஊட்டறப்ப அம்மா வாயும் கூடவே தொறந்து தொறந்து மூடும், பாத்துக்கீறியா.

ஆறு நாளு நைனாவ ஏனாத்தூர்ல உன் வூட்ல வெச்சிக்க முடியுமான்னு உன்னைத் தான் மொதல்ல கேட்டேன். "பாப்பாவுக்குப் பரீட்சைடா, உன் மாமா வேற மூஞ்சத் தூக்கி வெச்சிப்பாரு, ரெண்டாவது மாடிக்கு யாரு தூக்கறது"ன்ன. நியாயம் தான். உன்னை நான் குத்தம் சொல்லல. ஆனா நீ சரின்னு சொல்லிருந்தா எனக்கு இத்தனையும் வேலையே இல்ல, அது மட்டும் நெசம்.

காஞ்சிபுரத்துல வயசானவங்கள வெச்சிப் பாத்துக்கற எடத்துல கேட்டேன். படுத்த படுக்கையா கீறவங்கள எடுக்க மாட்டோம்னாங்க. வூட்லயே ஆளு போடலாம்னா அம்மா ஒத்துக்கல. "முழுங்கினாரா இல்லியான்னு தொண்டயப் பாத்தா எனக்குத் தான் தெரியும். வர்றவ ஃபோனப் பாத்துக்கினே ஊத்திருவா"ன்னுச்சி. "அப்ப நீ எங்கியும் போவ முடியாதும்மா"ன்னேன். "ஏன்டா, எல்லாரும் தான போறோம்"ன்னு சிரிச்சிச்சி. வெளயாட்டுக்குச் சொல்லுதுன்னு வுட்டுட்டேன்.

பொங்கலுக்கு வூட்டுக்கு வந்தேன் இல்ல, மாட்டுப் பொங்க அன்னிக்கு நீங்கல்லாம் கெளம்பினப்பறம் காலண்டர எடுத்து வெச்சிக்கினு பின்னாடி இருந்து எண்ணினேன். சாவு வூடுன்னா பதினாறு நாளு. காரியம் முடியாம அம்மா ஊரு எல்லைய தாண்டாது. ஒம்போதாம் தேதி பிளைட்டுன்னா எட்டாம் தேதிக்குள்ள பதினாறு முடிஞ்சிருக்கணும். அப்டின்னா ஜனவரி இருவத்தி நாலு தான் கடைசி. அது சனிக்கெழம. சனிப் பொணம் தனியாப் போகாதும்பாங்க, பாடைல ஒரு கோழியக் கட்டி அனுப்பணும், அம்மா பயந்துக்கும். அதுக்கு முந்தின நாளு வெள்ளி. வெள்ளிக்கெழமன்னா அம்மா வெளக்கு தொலக்கி பூ வெக்கும், அன்னிக்கு வூட்ல அழுக வாணாம்னு எனக்குத் தோணுச்சி. ஞாயித்துக்கெழம தை அமாவாசை, ஏரிக்கரைல ஊரே கீது. அதான் செவ்வாக்கெழமன்னு வெச்சேன்.

செவ்வாக்கெழம காலைல அம்மா ரேஷனுக்குப் போச்சி. நான் தலைகாணில கைய வெச்சேன். நைனா வரக்கூடிய கையால என் ஆள்காட்டி வெரலப் புடிச்சிக்கினாரு. வாயி கோணிக்கினு சிரிச்சாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்ச்சி. சரி, இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போவட்டும்னு நிமித்தி ஒக்கார வெச்சி முறையாக் குடுத்தேன். முக்கா மணி நேரம். அன்னிக்கு டம்ளரு காலி. அம்மா வந்து பாத்துட்டு, "புள்ள கையின்னா எறங்குது பாரு, இந்தக் கெயவனுக்கு என் கையி கசக்குது"ன்னு அவரு கன்னத்த இடிச்சிச்சி.

வியாழக்கெழம நானே அம்மாவ பஜாருக்கு அனுப்பிச்சேன். "தண்ணில நடக்க ரப்பர் செருப்பு வேணும்மா, நீயே போட்டுப் பாத்து வாங்கு, அளவு தப்பினா பேஜாரு"ன்னு சொன்னேன். அது தெரு திரும்பினப்பறம் தலைகாணி ரெண்டையும் எடுத்துக்கினு போயி பின்னாடி துணி தோய்க்கற கல்லு மேல வெயில்ல வெச்சேன். எப்டியும் காய வெக்க வேண்டியது தான். நைனா மல்லாந்து கெடந்தாரு. கஞ்சி சூடா இல்ல, என் கைல ஊத்திப் பாத்துட்டு தான் குடுத்தேன். ஸ்பூனு வெச்சிக்கல, டம்ளராலயே குடுத்தேன். அவரு என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அன்னிக்கும் வெரலத் தேடினாரு, நான் ரெண்டு கையாலயும் டம்ளரப் புடிச்சிக்கினு இருந்தேன். எல்லாம் அடங்கறப்ப பதினொண்ணே கால். வாயத் தொடச்சி, துண்டு மாத்தி, டம்ளரக் கழுவி கவுத்து வெச்சேன். அப்பறம் கேஸ மூடினேனான்னு போய்ப் பாத்தேன். மூடித் தான் இருந்துச்சி.

அதுக்கப்பறம் நடந்தது நீயே பாத்த. ஊரே சொல்ச்சி. "எல்லப்பன் குடுத்து வெச்சவன்யா. எங்கியோ தீவுல இருந்து புள்ள வந்து, கடைசிக் கஞ்சிய புள்ள கையால குடிச்சிட்டுப் போயிட்டான்." நீ கூட என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு, "நீ இருந்தியேடா, அது போதும்"னு அழுத. நானும் அழுதேன். அது நடிப்பு இல்ல.

பெரியப்பா தான் வேதகிரி ஐயருக்கு ஃபோனப் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டு, "உயிரு எத்தினி மணிக்குப் போச்சின்னு கேக்கறாருடா"ன்னாரு. பதினொண்ணே கால்னு கரெக்டா சொன்னேன். ஐயரு பஞ்சாங்கத்தப் பொரட்டற சத்தம் கேட்டுச்சி. "சதயமாச்சேப்பா. அடைப்பு. ஆறு மாசம்"னாரு.

மழ பாத்தேன், தேதி பாத்தேன், கெழம பாத்தேன். நட்சத்திரம் பாக்கல. நம்ம ஊர்ல பொறந்து வளந்தவன் அத்தப் போயி மறப்பனாக்கா. செத்த ரூம சாத்தணும், ஆறு மாசத்துக்கு தெனம் பொய்து சாஞ்சா அங்க வெளக்கேத்தி ஒரு சொம்பு தண்ணி வெக்கணும், வூட்ட இருட்டா போட்டுட்டு எங்கியும் போவக் கூடாது. பெரியப்பா வேற, "அந்தக் காலத்துல இப்டி செத்தா வாசல்ல எடுக்க மாட்டாங்க, பக்கத்து செவுத்த இடிச்சி எடுப்பாங்க. இப்ப காங்கிரீட்டு, இன்னா பண்றது"ன்னு செவுத்தத் தட்டிப் பாத்தாரு. ஐயரு ஆறுதலா ஒண்ணு சொன்னாரு. "செவ்வாக்கெழம காலைல போயிருந்தா திருவோணம். ஒரு தோஷமும் கெடையாது. எல்லாம் அவன் எழுத்து."

அவன் எழுத்து இல்ல, நான் பாவம் பாத்தது. நைனா மட்டும் அன்னிக்கு அந்த வெரலப் புடிக்காம இருந்திருந்தா, அம்மா இன்னிக்கு நீல் தீவுல தண்ணில நின்னிருக்கும். இன்னி தேதிக்கு நோட்டுல அது தான் எழுதிக்கீது.

யாராச்சும் வெளக்கேத்தினா போதும், பெரியம்மா ஏத்துவாங்கன்னு அம்மா கிட்ட சொல்லிப் பாத்தேன். "நானு ஏத்தணும்"ன்னுச்சி. காரியம் முடிஞ்ச மறுநாளு, அம்மாவுக்கு வாங்கின ட்ராலி பைய காலி பண்ணேன். அம்மா எப்பவோ அடுக்கி வெச்சிருந்துச்சி. மேல ரெண்டு பொடவ. அடில நைனாவோட சட்ட மூணு, வேட்டி, வாயி தொடைக்கற துண்டு, எவர்சில்வர் ஸ்பூனு. ஓரத்துல பஜார்ல வாங்கின ரப்பர் செருப்பு, ரெண்டு ஜோடி. ஒண்ணு ஆம்பள செருப்பு, எட்டாம் நம்பரு. எனக்கு ஒம்போது.

தலைகாணி சமாச்சாரமும் சொல்லிடறேன். அன்னிக்கு அம்மா பஜார்ல இருந்து பின் பக்கமா தான் உள்ள வந்துச்சி. ரெண்டு தலைகாணியும் அந்த வெளக்குக்குப் பக்கத்துல வெச்சிக்கீதுன்னும், ஏன்னு கேட்டா பதில் சொல்லலன்னும் நீ தான் சொன்ன. அதுக்கு காரணம் இது தான். போலீசுக்குப் போறதுன்னா போ, நான் ஓடிப் போற ஆளு இல்ல. ஆனா அம்மா இது வரைக்கும் யாரு கிட்டயும் ஒண்ணியும் சொல்லல. அதுக்கு மனசுல ஒரு எடத்துல புரிஞ்சிக்கீது, யாருக்காகப் பண்ணேன்னு.

பிளைட்டு டிக்கெட்ட மாத்த முடியல. ஒம்போதாம் தேதி நான் மட்டும் வந்தேன். பக்கத்து ஜன்னல் சீட்டு காலியாவே வந்துச்சி, நான் அதுல ஒக்காரல.

நேத்து தான் அம்மா என் ஃபோன எடுத்துச்சி. "அடைப்பு ஜூலைல முடிஞ்சிரும்மா, ஆனா அப்ப இங்க அலை ஜாஸ்தி. டிசம்பர்ல போலாம்"னு சொன்னேன். சொம்புல தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சி. அப்பறம், "அந்தக் கல்கத்தாப் பெரியவர நாலு பேரு தானடா தூக்கினீங்க"ன்னுச்சி. ஆமான்னேன்.

"உங்க நைனா அவர வுட எளச்ச ஆளுடா."

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அவங்க டூரிஸ்டும்மா, வந்துட்டுப் போயிருவாங்க. போட்ல கீறவங்க எல்லாரும் என் கூட வேல செய்றவங்க. வாயி ஒழுகிக்கினு ஒருத்தர இட்டாந்து, இவரு தான் எங்க நைனான்னு அவங்க கிட்ட எப்டி காட்றது. உனக்கும் தான் ஒரு போட்டோ ஒழுங்கா எடுக்க முடியுமான்னு கேட்டேன். பாதில ஃபோனு கட்டாயிட்ச்சி. இங்க டவரு அப்டி தான், தீவு இல்லியா.

நீ போயி பக்கத்துல ஒக்காந்து சொன்னா அம்மா கேக்கும். டிசம்பர் பதினாலுக்கு ரெண்டு டிக்கெட்டு போட்டுட்டேன், ஜன்னல் சீட்டு அம்மாவுக்கு. மேல இருந்து ஒரு வாட்டி அந்தத் தீவுங்களப் பாத்துச்சின்னா அதுக்கு எல்லாம் மறந்துரும்.